வீட்டுக்கு அருகிலேயே ஓர் ஏ.ஏ. குழு: வடசென்னையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

குடியை நிறுத்துவதற்காக, குடிநோயாளிகளே ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் கூட்டத்தைத் தேடும் வடசென்னைக்காரர் முதலில் பார்ப்பது, தெரிந்த முகம் எதுவும் தென்படாத இடமா என்பதைத்தான். ராயபுரத்துக்காரர் பெரம்பூருக்குப் போவார். பெரம்பூர்க்காரர் தண்டையார்பேட்டைக்கு வருவார். திருவொற்றியூரில் வசிக்கும் நானும் தொடக்கத்தில் இரண்டு மூன்று ஏரியா தாண்டித்தான் போய்வந்தேன். பல ஆண்டுகள் தொலைவிலும் பக்கத்திலுமாகக் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்த பிறகு, புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நடந்தே போய்விடக்கூடிய குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

காரணம் எளிமையானது. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. கூட்டங்கள் பெரும்பாலும் வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில் நடக்கின்றன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் நேரமும் அதுதான். அந்த நெரிசலில் பேருந்துக்குள் வியர்த்து நிற்பவனுக்கு, இறங்கிவிடலாம் என்று தோன்றினால், இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் இன்னும் மோசம். தூரத்துக் குழு தரும் மறைவு உண்மையானதுதான். ஆனால் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதற்கான காரணங்களையும் அதுவே தாராளமாகத் தந்துவிடுகிறது. கூச்சத்தைப் பொறுத்தவரை, நாம் குடித்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. நிறுத்தப் போவதை மட்டும் யாருக்குத் தெரியாமல் மறைக்கப் போகிறோம்?

குழுவைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். எனக்கு வழிகாட்டியது ஒரு மருத்துவமனை வார்டுதான். முதலில் மருத்துவமனை, பிறகு கூட்டம் என்ற அந்த வரிசையும் முக்கியம். ஆண்டுக்கணக்கில் தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். அதையடுத்துக் கைநடுக்கம் முற்றி, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மாத்திரையும், வைட்டமின் பி1 ஊசியும், மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். கூட்டம் அதற்குப் பிறகு வருவது. டாக்டர் எழுதிய மாத்திரையை விட்டுவிடும்படி புதியவரிடம் சொன்ன மூத்த உறுப்பினர் ஒருவரையும் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் எவ்வளவு மூத்தவர் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

நான் இப்போது போகும் கூட்டம் ஒரு பள்ளி வகுப்பறையில் நடக்கிறது. சிறு பிள்ளைகளுக்கான பெஞ்சு என்பதால் முழங்கால் மேசையில் இடிக்கும். ஒருவர் தலைமை ஏற்பார். பேச விரும்புகிறவர் எழுந்து பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று கூறித் தன் கதையைச் சொல்வார். குறுக்கே யாரும் பேசமாட்டார்கள், அறிவுரையும் சொல்லமாட்டார்கள். பேச விருப்பமில்லையென்றால் டீயைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கட்டணம் இல்லை, ஒரு பை சுற்றிவரும், முடிந்தவர் போடுவார். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், தங்களுக்குள் பேசிக்கொண்டதில் தொடங்கிய இயக்கம் என்பதால், இன்றும் கூட்டங்களில் ஆலோசகர் என்று யாரும் இல்லை.

என்னைப் பிடித்துநிறுத்தியது, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகள் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வலை கட்டும் தொழில் செய்யும் ஓர் அண்ணன், என் ஸ்பான்சர், அதாவது புதியவரான எனக்குத் துணைநின்ற மூத்த உறுப்பினர், தொடக்கத்தில் சொன்னது இது: “தம்பி, காலம்பூரா குடிக்காம இருக்கறத பத்தி இப்ப யோசிக்காத. இன்னிக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் தாக்குப்பிடி, அவனே கடைய மூடிடுவான்.” ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் குடிக்காமல் இருந்துவிட்டு, மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போன நண்பர்கள் எனக்கு உண்டு, கெடு வைத்து நிறுத்தும் அந்தப் பழக்கத்துக்கு அண்ணனின் கணக்கு நேர்எதிரானது. பத்து மணிக்கு முன்பு மனம் தடுமாறினால், பக்கத்துத் தெருவில் இருக்கும் அவர் சைக்கிளில் வந்து நிற்பார். தூரத்துக் குழுவில் எனக்கு வாய்த்தவர் தொலைபேசியில்தான் கிடைத்தார்.

குறைகளும் உண்டு. சிலர் ஒரே கதையை வாரந்தோறும் அதே ஏற்ற இறக்கத்துடன் சொல்வார்கள். நமக்கு மேலான சக்தி என்ற பேச்சு கடவுள் மறுப்பாளர்களுக்கு உறுத்தும். எங்கள் குழுவில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர், அந்தச் சக்தி இந்தக் குழுதான் என்று வைத்துக்கொண்டு நிம்மதியாக வந்துபோகிறார். பெண்கள் வருவது மிக அரிது. ஆண்கள் மட்டுமே நிறைந்த அறைக்குள் ஒரு பெண் தனியாக நுழைவது எவ்வளவு கடினம் என்பதைக் குழுக்கள் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை. குடும்பத்தாருக்கென அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. என் மனைவி அதற்குச் சில காலம் போனார், பிறகு நின்றுவிட்டார், பயன் இருந்தது என்று மட்டும் சொல்வார்.

முதலில் போகும் குழு ஒத்துவராவிட்டால் அடுத்த ஏரியாவில் இன்னொன்றைப் பாருங்கள். எந்தப் பதிவேட்டிலும் உங்கள் பெயர் இருக்காது, யாரிடமும் சொல்லிவிட்டு விலக வேண்டியதும் இல்லை.