வெப்மெயிலிலேயே பாஸ்வேர்ட் மாற்றம்: மூன்று வருட அனுபவம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் 140 பேருக்கு மெயில் இருக்கிறது. பாஸ்வேர்ட் எல்லாம் ஓப்பன்எல்டாப் டைரக்டரியில், அதாவது எல்லோருடைய கணக்கு விவரமும் ஒரே இடத்தில் இருக்கும் சர்வரில். மெயில் பார்ப்பது ரவுண்ட்கியூபில், பிரவுசரிலேயே திறக்கும் வெப்மெயில் அது. 2023 வரை யார் பாஸ்வேர்ட் மாற்ற வேண்டுமானாலும் என் மேசைக்குத்தான் வர வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், நான் ஏற்றுவேன். பாதிப் பேர் பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும்தான் எழுதுவார்கள். இத்தனை பேர் ரகசியம் எனக்குத் தெரிந்திருப்பது எனக்கே பிடிக்கவில்லை. நாளைக்கு ஒரு தப்பான மெயில் போய், ‘நான் அனுப்பவில்லை’ என்று ஒருவர் சொன்னால் விரல் யார் பக்கம் நீளும்?

அதனால்தான் ரவுண்ட்கியூபோடு வரும் பாஸ்வேர்ட் பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) இயக்கினேன். இதில் இரண்டு வழி உண்டு. அட்மின் பெயரில் டைரக்டரிக்குள் போய் மாற்றுவது ஒன்று. அவரவரே பழைய பாஸ்வேர்டோடு உள்ளே போய்த் தன்னுடையதை மட்டும் மாற்றுவது இன்னொன்று. முதல் வழிக்கு அட்மின் பாஸ்வேர்டை வெப்மெயில் சர்வரிலேயே எழுதி வைக்க வேண்டும். இணையத்துக்குத் திறந்திருக்கும் சர்வர் அது. யாராவது புகுந்தால் மொத்த டைரக்டரியும் போச்சு. அதனால் இரண்டாவதை எடுத்தேன். முதல் சோதனையில் 50 என்று எர்ரர் வந்தது, அதாவது அனுமதி போதாது. அவரவர் பாஸ்வேர்டை அவரவர் எழுதலாம், லாகினுக்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம், மற்றவர்கள் படிக்கவும் கூடாது என்று விதியைத் திருத்தியதும் சரியானது.

ஒன்றை மட்டும் முதல் வருடம் முழுக்கக் கவனிக்காமல் விட்டேன். புதிய பாஸ்வேர்டைப் பிளகினே ஹேஷ் செய்து, அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, அனுப்பிக்கொண்டிருந்தது. கையில் கிடைப்பது ஹேஷ் மட்டும் என்றால், உள்ளே இருப்பது மூன்று எழுத்தா பத்து எழுத்தா என்று டைரக்டரி எப்படிப் பார்க்கும்? குறைந்தது 10 எழுத்து என்று டைரக்டரியில் நான் போட்ட விதி சும்மா கிடந்தது. 2001-இல் வந்த ஆர்எஃப்சி 3062 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறது: பாஸ்வேர்டை அப்படியே டைரக்டரியிடம் கொடுத்துவிட்டால், சரிபார்ப்பதையும் ஹேஷ் செய்வதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். பிளகினில் அதற்கும் டிரைவர் (அந்த வழியில் டைரக்டரியோடு பேசும் பகுதி) இருக்கிறது, மாறிக்கொண்டேன். பாஸ்வேர்ட் அப்படியே போவதால், வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

அதிகம் படுத்தியது செல்போன்தான். அக்கவுண்ட்ஸ் அக்கா ஒரு நாள் காலையில் பாஸ்வேர்டை மாற்றினார். பத்து மணிக்குக் கூப்பிட்டார்: “தம்பி, புதுசும் போகமாட்டேங்குது, பழசும் போகமாட்டேங்குது.” சர்வரின் லாகை (நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பை) திறந்தால் நிமிடத்துக்கு ஒரு தவறான முயற்சி. அவர் கைப்பையில் கிடந்த போன், பழைய பாஸ்வேர்டை வைத்து விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது! ஐந்து தவறுக்குக் கணக்கைப் பூட்டச் சொல்லியிருந்தவன் நான். பூட்டு 15 நிமிடத்தில் தானாகத் திறக்கும்படி மாற்றினேன். ‘முதலில் போனில் மெயில் சிங்கை நிறுத்துங்கள், மாற்றிய பிறகு போனிலும் புதியதைப் போடுங்கள்’ என்று ஒரு வரியையும் பாஸ்வேர்ட் பக்கத்தின் மேலேயே சேர்த்தேன். இந்த வரி போட்ட பிறகு அந்த மாதிரி அழைப்பு வெகுவாகக் குறைந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம். எஸ்டேட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை, என் வீட்டில் கரண்ட்டும் இல்லை. நல்ல வேளை, சர்வர் வெளியே டேட்டா சென்டரில் இருந்தது. சேல்ஸில் ஒருவருடைய லேப்டாப் தண்ணீரோடு போய்விட்டது. அவர் ஊரில் மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தானே பாஸ்வேர்டை மாற்றி வேலையைத் தொடர்ந்திருக்கிறார். எனக்கு விஷயமே நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி சாதாரணமானதல்ல.

ஒரு குறை இருக்கிறது. பழைய பாஸ்வேர்ட் தெரிந்தவருக்குத்தான் இது உதவும், மறந்தவருக்கு வழி இல்லை. நீண்ட லீவு முடிந்த திங்கட்கிழமைகளில் இன்னும் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். தற்காலிகமாக ஒன்று போட்டுக் கொடுத்து, அவர் என் மேசையிலேயே அதை மாற்றி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறேன்.