பிளவுஸில் ஹாட்ஃபிக்ஸ் ஸ்டோன்: காசு எங்கே போகிறது, எது நிலைக்கிறது

ஹாட்ஃபிக்ஸ் ஸ்டோன் என்பது அடியில் பசை பூசிய கல்; சூடுபட்டால் பசை உருகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். பல துவைப்புகளைக் கண்ட ஸ்டோன் பிளவுஸ்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும்: கல்லின் விலையைவிட, இடைவெளி விடாமல் நிரப்பும் வழக்கம்தான் செலவை ஏற்றுகிறது.

கல்லின் அளவை எஸ்எஸ் எண்ணால் சொல்வார்கள்; எஸ்எஸ்10 கல் சுமார் 2.8 மி.மீ. அகலம். கல்லுக்குக் கல் அரை மி.மீ. விட்டால் 1 செ.மீ.க்கு 3 கல். 60 செ.மீ. கழுத்து ஓரத்துக்கு ஒற்றை வரிசை 180 கல், அதாவது ஒன்றேகால் கிராஸ் (ஒரு கிராஸ் 144 கல்). அதே கல்லை முதுகில் 10-க்கு 10 செ.மீ. சதுரத்தில் நெருக்கி வைத்தால் 900 ஆகிவிடும். சதுர செ.மீ.க்கு ஒன்றாகத் தூவினால் 100 போதும், எடுப்பாகவும் இருக்கும். பூ டிசைனில் கோட்டை மட்டும் எஸ்எஸ்10-ல் ஓட்டி, நடுவில் ஒரே ஒரு எஸ்எஸ்20 வையுங்கள். வானவில் நிறத்தில் மின்னும் பூச்சுள்ள, விலை கூடிய ஏபி கல் அந்த நடு இடத்துக்கு மட்டும் போதும். 2 மி.மீ. எஸ்எஸ்6 வேண்டாம்: பசைப் பரப்பு குறைவு, முதலில் உதிர்வது அதுதான்.

முந்தானை மூடும் இடது மார்புப் பக்கத்தில் கல் வைப்பது வீண். கண்ணுக்கும் தெரியாது, ஜார்ஜெட் புடவையின் நூலையும் இழுக்கும். அக்குள், கையின் உள்பக்கம், கைப்பை தொங்கும் தோள் மூன்றும் உரசும் இடங்கள். முதுகும் கையின் வெளிப்பக்கமும்தான் காசுக்கு மதிப்புள்ள இடம். தைப்பதற்கு முன்பே ஒட்டுங்கள். தையல் கோட்டிலிருந்து 1.5 செ.மீ. தள்ளியே வையுங்கள், இல்லாவிட்டால் ஊசி உடையும்.

கல் உதிர்ந்தால் பெரும்பாலும் பழி பசைமேல் விழுகிறது. உண்மையில் சூடு போதாததுதான் காரணம். அயர்ன் பாக்ஸின் நீராவித் துளைக்கு நேர்கீழே வரும் கல்லுக்குச் சூடே ஏறாது. அதனால் பெட்டியைச் சற்று நகர்த்தி இன்னொரு முறை அழுத்த வேண்டும். பருத்திக்கு 150–160 டிகிரி, நீராவி இல்லாமல், 12–15 விநாடி. பிறகு துணியைத் திருப்பி உள்பக்கத்திலும் ஒரு அழுத்து. கஞ்சி உள்ள புதுத் துணியை அலசி உலர்த்தாமல் ஒட்டக்கூடாது. ஜரிகைமேல் பிடிப்பு குறைவு. பட்டென்றால் வெட்டுத்துணியில் கட்டாயம் சோதியுங்கள்.

மலிவான பிளாஸ்டிக் கல் உரசி உரசி மங்கிவிடும். கண்ணாடிக் கல்லே கடைசியில் சிக்கனம். ஒரே லாட்டில் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள், பின்னால் அதே நிறம் கிடைக்காது. விழுந்த கல்லைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினால் சுற்றிலும் வெள்ளை படியும், துணி மடங்கும்போது பசை விரிசல் விடும். இ6000 போன்ற வளையும் பசை நல்லது; ஒட்டியபின் 3 நாள் தண்ணீர் படக்கூடாது. அதன்பின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில், முறுக்காமல் கையால் அலசுங்கள்.