தீவோரப் படகில் குடிதண்ணீர்: மிஷினா, மழையா?

தம்பியும் அவன் மனைவியும் பாய்மரப் படகு வாங்கி, பசிபிக் தீவுகளில் நங்கூரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் வாங்குவதா, மழையைப் பிடித்துச் சமாளிப்பதா என்பதுதான் இப்போது வீட்டில் ஓடும் பேச்சு. நான் திருப்பூரில் சாயப்பட்டறை ஆர்.ஓ. பிளாண்ட் பார்ப்பவன், கேள்வி என்னிடம் வந்தது.

2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சாயத்தண்ணீரை மெம்ப்ரேனில் (உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் சவ்வு) தள்ளித் திரும்பப் பயன்படுத்தியே பிழைத்த ஊர் இது. படகு மிஷினும் அதே சங்கதிதான், அழுத்தம்தான் வேறு. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீருக்கு 55 பார் வரை அழுத்தம் வேண்டும்; வீட்டு ஆர்.ஓ.வுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். சின்ன 12 வோல்ட் மிஷின் 4 ஆம்ப் இழுத்து மணிக்கு 5 லிட்டர் சொச்சம் தரும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசினால், இரண்டு பேருக்கு நாளுக்கு 20 லிட்டர் தாராளம். நாலு மணி நேர ஓட்டம், சோலாரே தாங்கும்.

தொல்லை, ஓட்டாமல் விடும்போதுதான். ஒரு வாரம் சும்மா கிடந்தாலே உள்ளே கிருமி வளர்ந்து நாறும்; நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அதில் குளோரின் இருந்தால் மெம்ப்ரேன் போச்சு, கார்பன் பில்டர் வழியாகத்தான் விட வேண்டும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால், பிளாண்டில் குளோரினை முறிக்க நாங்கள் போடும் அதே சோடியம் மெட்டாபைசல்பைட் தூளைக் கரைத்து நிரப்புகிறார்கள். எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் ஓட்டவே கூடாது.

மழைக்கு மின்சாரமும் வேண்டாம், ஸ்பேரும் வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் விழுந்தால் ஒரு லிட்டர். மூன்றுக்கு நாலு மீட்டர் தார்ப்பாயில் 25 மி.மீ. பெய்தால் 300 லிட்டர். ஆனால் இது ஏட்டுக் கணக்கு. முதலில் விழுவது உப்பையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும், அதை விட்டுவிட வேண்டும். கனமழை காற்றோடுதான் வரும். தார்ப்பாய் பாய்மரத் துணி மாதிரி உப்பிப் படகையே இழுக்கும், அவிழ்த்துச் சுருட்ட வேண்டியதுதான். அப்போது கைகொடுப்பது டெக், அதாவது படகின் மேல்தளம். நன்றாகக் கழுவி விட்டதும், டேங்க் மூடிக்குப் பின்னால் ஒரு துண்டைச் சுருட்டி அணைபோல் வைத்து மூடியைத் திறந்தால், ஓடிவரும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்.

ஆனால் எங்கே போகிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு. பனாமாவின் குணா யாலா தீவுகள் என்றால் மே முதல் டிசம்பர் வரை மழை, தார்ப்பாயே போதும் என்பேன். தம்பி போவது பிரெஞ்சுப் பொலினீசியாவின் துவாமோட்டுவுக்கு. கிட்டத்தட்ட அத்தனையும் தாழ்வான பவளத்திட்டுகள், ஓடை கிடையாது. ஊர்க்காரர்களே மழைநீர்த் தொட்டியை நம்பித்தான் இருக்கிறார்கள். சூறாவளிக்குப் பயந்து படகுகள் அங்கே போவதும் மே முதல் அக்டோபர் வரை, அதாவது மழை குறைந்த காலத்தில். பல்லடம் பக்கத்து ஆடிக்காற்று போலத்தான், காற்று இருக்கும், மழை இருக்காது.

அதனால் மிஷின் வாங்கச் சொல்லிவிட்டேன். ஜெனரேட்டரில் ஓடும் பெரிய மிஷின் வேண்டாம், 12 வோல்ட்டே போதும். தார்ப்பாயும் தைத்துக்கொள்ளட்டும், செலவு சொற்பம். பம்ப் சீல், ஓ-ரிங், பில்டர் எல்லாம் இரண்டு செட் இங்கிருந்தே எடுத்துப் போக வேண்டும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால், அன்றைக்கே மிஷினை ஓட்டிவிட வேண்டும்.