வாசலிலா, நிரலிலா, தரவுத்தளத்திலா: ஏபிஐ-க்குக் காவலை எங்கே நிறுத்துவது?

ஆர்டர் எண் 4817-ஐக் காட்டும்படி ஓர் ஏபிஐ-க்கு, அதாவது ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவைக் கேட்டுப் பெறும் இடைமுகத்துக்கு, கோரிக்கை வருகிறது. உடன் வந்த டோக்கனின் (கேட்பவர் யார் என்று காட்டும் சீட்டு) கையொப்பம் சரியாக இருக்கிறது, அதன் கெடு முடியவில்லை, கோரிக்கை டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பின் வழியாகவே வந்திருக்கிறது, வடிவத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த டோக்கனுக்கு உரியவர் வாங்கியது 4816-ஆம் ஆர்டர், 4817 வேறொருவருடையது. வலை முகவரியின் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்க்கலாமே என்று நினைத்த ஒருவரிடமிருந்து வந்திருக்கிறது இந்தக் கோரிக்கை. சர்வர் இதற்கு 4817-இன் விவரங்களைக் கொடுத்துவிட்டால், அதற்கு முன் செய்த சரிபார்ப்புகள் அத்தனையும் வீண்.

வலைச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு ஏபிஐ-களுக்கென்றே தனியாகப் பத்து அபாயங்களின் பட்டியலை 2019-இல் வெளியிட்டு, 2023-இல் அதைத் திருத்தியது. இரண்டு பட்டியல்களிலும் முதலிடத்தில் நிற்பது இந்தக் குறைதான்: வந்தவர் யார் என்று பார்த்துவிட்டு, அவர் கேட்கும் பொருள் அவருடையதா என்று பாராமல் விடுவது. திருத்திய பட்டியலின் முதல் ஐந்து இடங்களில் மூன்று, ஏதோ ஒரு வகையில் அனுமதிச் சரிபார்ப்பில் நேரும் குறைகளுக்கே போயிருக்கின்றன. ஆகவே பாதுகாப்பு வழிகளை ஒப்பிடும்போது ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன்: முடிவு எடுக்கப்படும் இடத்தில், அந்த முடிவுக்குத் தேவையான தகவல் இருக்கிறதா?

கேட்வே, நிரல், தரவுத்தளம்

முதல் வழி, எல்லாக் கோரிக்கைகளும் கடந்து செல்லும் கேட்வேயிலேயே காவலைக் குவிப்பது. இதன் நன்மை கண்கூடு: நாற்பது சேவைகள் இருந்தாலும் விதி ஓரிடத்தில் எழுதப்படுகிறது, புதிய சேவையை எழுதுபவர் மறந்துபோனாலும் டோக்கன் இல்லாத கோரிக்கை உள்ளே போகாது. டோக்கனின் கையொப்பம், கோரிக்கையின் அளவு, ஏபிஐ எதை ஏற்கும் என்று எழுதிவைக்கும் ஓப்பன்ஏபிஐ விவரக்குறிப்போடு அதன் வடிவம் பொருந்துகிறதா என்பது, நிர்வாகிகளுக்கான பாதைகளில் சாதாரணப் பயனர் நுழைகிறாரா என்பது ஆகியவற்றைக் கேட்வே நன்றாகவே பார்த்துக்கொள்ளும். ஆனால் 4817 யாருடையது என்பது அதற்குத் தெரியாது. தெரியவைக்க வேண்டுமானால் ஆர்டர் அட்டவணையை அது படிக்க வேண்டும். அப்படிப் படிக்கத் தொடங்கிய கேட்வே, ஆர்டர் சேவையின் பாதி வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டதாகிவிடும். கோரிக்கையின் தோற்றத்தைப் பார்த்துத் தாக்குதலை அடையாளம் காணும் வலைச் செயலி ஃபயர்வாலுக்கும் இதே நிலைதான். தரவுத்தளக் கட்டளையைக் கோரிக்கைக்குள் நுழைக்கும் எஸ்கியூஎல் ஊடுருவலில் சந்தேகத்துக்குரிய குறிகள் தென்படும்; 4816 என்பது 4817 ஆனதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

காவலுக்கு வைத்ததே வழியாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2019-இல் கேப்பிட்டல் ஒன் வங்கியிலிருந்து அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் ஆகியோரின் தகவல்கள் களவுபோனபோது, தவறாக அமைக்கப்பட்டிருந்த ஒரு வலைச் செயலி ஃபயர்வாலின் மூலமாகவே கிளவுட் சேவைக்கான தற்காலிகச் சாவிகள் பெறப்பட்டன. அந்த ஃபயர்வாலுக்குக் கொடுத்திருந்த அனுமதி, சேமிப்பகங்களைப் படிக்கும் அளவுக்கு விரிந்திருந்தது.

இரண்டாம் வழி, சேவையின் நிரலுக்குள்ளேயே பார்ப்பது. இங்கே தகவல் கையருகில் இருக்கிறது. தரவுத்தளத்திடம் "4817 என்ற எண்ணுள்ள ஆர்டரைக் கொடு" என்று கேட்பதற்கும், "இந்தப் பயனருக்குச் சொந்தமான ஆர்டர்களில் 4817 இருந்தால் கொடு" என்று கேட்பதற்கும் இடையே ஒரு நிபந்தனைதான் வேறுபாடு. ஆனால் பிந்தைய கேள்வியில் அடுத்தவர் ஆர்டர் நினைவகத்துக்கே வருவதில்லை. முதலில் எடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தைவிட இதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் ஒப்பிட மறந்தால் கசியும் நிரலைவிட, கேள்வியிலேயே வரம்பு கட்டிய நிரலில் தவறு செய்வது கடினம். பதிலாக 403 (அனுமதி இல்லை) கொடுக்காமல் 404 (கிடைக்கவில்லை) கொடுப்பதும் நல்லது; 403 என்றால் "அப்படி ஓர் ஆர்டர் இருக்கிறது, உனக்குத்தான் இல்லை" என்று சொல்லிவிட்டதாக ஆகும்.

இந்த வழியின் பலவீனம் மறதி. நான் ஆய்வு செய்த ஒரு சேவையில், ஆர்டரைக் காட்டும் எண்ட்பாயிண்ட் (ஏபிஐ-யில் ஒரு வேலைக்கான தனி முகவரி), திருத்தும் எண்ட்பாயிண்ட், ரத்து செய்யும் எண்ட்பாயிண்ட் மூன்றிலும் உரிமைச் சரிபார்ப்பு ஒழுங்காக இருந்தது. அதே ஆர்டரின் ரசீதைப் பிடிஎஃப் ஆகத் தரும் நான்காவதில் மட்டும் இல்லை. அது பின்னாளில் வேறொருவர் சேர்த்தது. பெயர், முகவரி, தொலைபேசி எண், வாங்கிய பொருள்கள் எல்லாம் அந்த ரசீதில்தான் முழுமையாக இருந்தன.

மூன்றாம் வழி, இந்த மறதிக்கே மருந்தாகச் சொல்லப்படுவது: தரவுத்தளத்தில் வரிசை அளவிலான பாதுகாப்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2016 ஜனவரியில் வந்த தன் 9.5 பதிப்பிலிருந்து இதைத் தருகிறது. அட்டவணையின் மேல் ஒரு கொள்கையை எழுதிவிட்டால், எந்த எண்ட்பாயிண்ட் எப்படிக் கேட்டாலும் அனுமதிக்கப்பட்ட வரிசைகள் மட்டுமே திரும்பும். மேற்சொன்ன பிடிஎஃப் ஓட்டையும் தானாக அடைபட்டிருக்கும். ஆனால் இதை நம்பி உறங்கிவிடக் கூடாத இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, அட்டவணையின் உரிமையாளராகவே செயலி தரவுத்தளத்தில் நுழைந்தால் கொள்கை இயல்பாகச் செயல்படாது; உரிமையாளருக்கும் பொருந்தும்படி வெளிப்படையாகக் கட்டாயப்படுத்த வேண்டும், அல்லது செயலிக்கென அதிகாரம் குறைந்த தனிக் கணக்கு வைக்க வேண்டும். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசருக்கு இந்தக் கட்டாயமும் பொருந்தாது. இன்னொன்று, இணைப்புகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பூலிங் ஏற்பாட்டில், முந்தைய கோரிக்கையின் பயனர் அடையாளம் இணைப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்து, அடுத்த கோரிக்கைக்குத் தவறான ஆளின் பார்வையைக் கொடுத்துவிடலாம். அடையாளத்தை அந்தத் தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் மட்டும் உயிரோடிருக்கும்படி அமைப்பதே இதற்கு வழி.

மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வந்தால் நான் தயங்காமல் நிரலையே தேர்ந்தெடுப்பேன். மேலாளர் தன் குழுவினரின் ஆர்டரைப் பார்க்கலாம், திருப்பி அனுப்பிய ஆர்டரைத் திருத்தக் கூடாது என்பன போன்ற விதிகளைத் தரவுத்தளக் கொள்கையாக எழுதினால் அடுத்த ஆண்டு அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆளிருக்காது. பல நிறுவனங்களின் தரவு ஒரே அட்டவணையில் கிடக்கும் சேவைகளில் மட்டும், ஒரு நிறுவனத்தின் வரிசை இன்னொன்றுக்குப் போகாமலிருக்கத் தரவுத்தளக் கொள்கையையும் சேர்த்தே ஆக வேண்டும் என்பேன். அங்கே விதி எளிமையானது, தவறின் விலையோ மிகப் பெரியது.

தொடர் எண்களுக்குப் பதிலாக யூயூஐடி என்ற நீண்ட தனித்த அடையாளத்தை வைத்தால் போதாதா என்ற கேள்வி இவ்விடத்தில் தவறாமல் எழும். நான்காம் வகை யூயூஐடியில் 122 பிட்டுகள் தற்செயலானவை. அதை யூகித்துப் பிடிப்பது நடவாது. எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பவரை அது நிறுத்திவிடும் என்பதால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அடையாளம் மின்னஞ்சலில் போகிறது, பதிவேடுகளில் விழுகிறது, இன்னொரு எண்ட்பாயிண்டின் பதிலில் எட்டிப்பார்க்கிறது. சாவியைப் போல மறைத்து வைக்கப்படாத ஒன்றைச் சாவியாக நம்ப முடியாது.

ஜேடபிள்யூடியா, சர்வரில் பதிந்த டோக்கனா?

அதே அளவுகோலை டோக்கன்களுக்கு வைத்துப் பார்க்கலாம். ஜேடபிள்யூடி என்ற டோக்கன் வடிவம், 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டது. பயனர் யார், எப்போது காலாவதி, என்ன பொறுப்பில் இருக்கிறார் என்பவற்றைத் தன்னுள்ளேயே சுமந்து வருவதால், கையொப்பத்தைச் சரிபார்த்தாலே போதும், எங்கும் போய்க் கேட்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பில் நிற்பது வெறும் தற்செயல் எழுத்துத் தொடர். அதற்குப் பொருள் சர்வரின் பதிவில்தான் இருக்கிறது, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அங்கே தேடிப் பார்க்க வேண்டும்.

வேகம் ஜேடபிள்யூடியின் பக்கம். ஆனால் அது சுமந்து வருவது, வழங்கப்பட்ட நேரத்து உண்மை. காலை ஒன்பது மணிக்கு நிர்வாகியாக டோக்கன் பெற்றவரை ஒன்பதரைக்கு அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கினாலும், டோக்கனின் ஆயுள் 24 மணி நேரம் என்றால் மறுநாள் காலை வரை அவர் நிர்வாகிதான். செல்லாத டோக்கன்களின் பட்டியலை வைத்து ஒவ்வொரு முறையும் பார்ப்போம் என்றால், எந்தத் தேடலைத் தவிர்க்க ஜேடபிள்யூடிக்கு வந்தோமோ அதே தேடலுக்குத் திரும்பிவிட்டோம்.

கையொப்பச் சரிபார்ப்பிலும் வழுக்குமிடங்கள் உண்டு. எந்த அல்காரிதத்தால் கையொப்பமிடப்பட்டது என்பதை டோக்கனின் தலைப்பகுதியே சொல்கிறது. அதை அப்படியே நம்பிய நூலகங்கள், அல்காரிதம் "ஏதுமில்லை" என்று எழுதியிருந்த டோக்கனையும் ஏற்றுக்கொண்டன. இன்னும் நுட்பமானது, ஆர்எஸ்256 (தனிச் சாவியால் கையொப்பமிட்டு, பொதுச் சாவியால் சரிபார்ப்பது) என்று இருக்க வேண்டிய இடத்தில் எச்எஸ்256 (இரண்டுக்கும் ஒரே ரகசியச் சாவி) என்று மாற்றி, எல்லோருக்கும் தெரிந்த பொதுச் சாவியையே ரகசியச் சாவியாக வைத்துக் கையொப்பமிட்டு அனுப்புவது. 2020-இல் வந்த ஆர்எஃப்சி 8725 இவ்விரண்டையும் எடுத்துச்சொல்லி, ஏற்கும் அல்காரிதம் எது என்பதைச் சரிபார்க்கும் பக்கமே முன்கூட்டி உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ஜேடபிள்யூடியின் நடுப்பகுதி பொதுவாக மறையாக்கம் செய்யப்படுவதில்லை, யாரும் எளிதில் பிரித்துப் படிக்கக்கூடிய பேஸ்64 வடிவில்தான் இருக்கிறது என்பதையும் பலர் மறந்து, வெளியாள் பார்க்கக் கூடாதவற்றை அதில் எழுதிவிடுகிறார்கள்.

ஒரே சர்வர், ஒரே தரவுத்தளம் என்று இருக்கும் செயலிக்கு, சர்வரில் பதிந்த டோக்கனே சரியான தேர்வு என்பது என் முடிவு. தேடலுக்கு ஆகும் நேரம் அங்கே ஒரு பொருட்டல்ல, வெளியேற்ற நினைத்த கணத்தில் வெளியேற்ற முடிவதோ பெரிய பலம். சேவைகள் பலவாகப் பிரிந்திருக்கும் இடத்தில், ஐந்து முதல் பதினைந்து நிமிட ஆயுளுள்ள ஜேடபிள்யூடியும், அதன் ஆயுள் முடிந்ததும் புதியதைப் பெற உதவும், சர்வரில் பதிந்து ஒவ்வொரு முறையும் மாற்றித் தரப்படும் புதுப்பிப்பு டோக்கனும் சேர்ந்த ஏற்பாடு பொருந்தும். அப்போதும் டோக்கனில் பயனரின் அடையாளத்தை மட்டும் வைத்து, பணத்தையோ பிறர் கணக்கையோ தொடும் செயல்களுக்குப் பொறுப்பைத் தரவுத்தளத்தில் புதிதாகப் பார்ப்பது நல்லது. நிலையான ஏபிஐ சாவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: அவை எந்தச் செயலி அழைக்கிறது என்று சொல்லும், எந்த மனிதர் என்று சொல்லாது, கைபேசிச் செயலிக்குள் பொதித்தால், பிரித்துப் பார்ப்பவர் கையில் கிடைத்துவிடும்.

எதை எண்ணுவது?

கோரிக்கைகளுக்கு வரம்பு கட்டுவதில் பெரும்பாலான விவாதம் கணக்கிடும் முறையைப் பற்றியே நடக்கிறது. நிமிடத்துக்கு 100 என்று நிலையான காலக்கட்டத்தால் எண்ணினால், ஒரு நிமிடத்தின் கடைசி நொடியில் 100, அடுத்த நிமிடத்தின் முதல் நொடியில் 100 என இரண்டே நொடிகளில் 200 கோரிக்கைகள் வந்துவிடலாம்; சீரான வேகத்தில் நிரம்பும் வாளியிலிருந்து ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வில்லையை எடுத்துக்கொள்ளும் டோக்கன் பக்கெட் முறையில், வாளியின் கொள்ளளவைச் சிறிதாக வைத்தால் அந்தத் திடீர்ப் பாய்ச்சல் அடங்கும். இது எளிதில் தீரும் விவாதம். எதை எண்ணுவது என்பதே கடினமான பகுதி.

ஐபி முகவரியால் எண்ணினால், ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான நல்ல பயனர்கள் தண்டிக்கப்படுவார்கள்; ஆயிரம் முகவரிகளிலிருந்து, முகவரிக்கு ஒரு கடவுச்சொல் வீதம் ஒரே கணக்கில் முயல்பவரோ எந்த வரம்பையும் தொடமாட்டார். உள்நுழைவில் ஆகவே தாக்கப்படும் கணக்கின் பெயராலும் எண்ண வேண்டும். பல கேள்விகளை ஒரே கோரிக்கையில் கேட்க விடும் கிராஃப்கியூஎல் மொழி இதை மேலும் சிக்கலாக்குகிறது: ஒரே எச்டிடிபி கோரிக்கைக்குள் வெவ்வேறு பெயரிட்டு நூறு உள்நுழைவு முயற்சிகளை அடுக்கலாம், கேட்வேயின் கணக்கில் அது ஒன்றுதான். முயற்சியை முயற்சியாகப் பார்ப்பது உள்ளே இருக்கும் நிரல் மட்டுமே என்பதால், அந்த எண்ணிக்கை அங்கேதான் நடக்க வேண்டும். வெள்ளமாக வரும் போக்குவரத்தைத் தாங்குவதில் கேட்வேக்கு நிகரில்லை. அந்த வேலையை அதனிடமே விட்டுவிடலாம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான டி-மொபைலில் 2022 நவம்பர் 25 வாக்கில் தொடங்கி, ஓர் ஏபிஐ வழியாகச் சுமார் 3.7 கோடிக் கணக்குகளின் தகவல்கள் எடுக்கப்பட்டது 2023 ஜனவரி 5-இல்தான் கண்டறியப்பட்டது. ஒரு சாவி ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு வாடிக்கையாளர்களின் பதிவுகளைத் தொடுகிறது என்ற எண்ணிக்கையை, கோரிக்கைகளின் எண்ணிக்கையோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அது வேலை செய்கிறதா என்பதை அறிய ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு பயனர்களை உருவாக்கி, முதலாமவரின் பெயரில் ஆர்டர், முகவரி, ரசீது என ஒவ்வொரு வகைப் பொருளிலும் ஒன்றைப் படைத்து, அவற்றின் அடையாளங்களை இரண்டாமவரின் டோக்கனோடு சேவையின் எல்லா எண்ட்பாயிண்டுகளுக்கும் அனுப்புங்கள். பிறகு டோக்கனே இல்லாமல் இன்னொரு முறை அனுப்புங்கள். எண்ட்பாயிண்டுகளின் பட்டியலைக் கையால் எழுதாமல், எந்த முகவரிக்கு எந்த நிரல் என்று செயலியே வைத்திருக்கும் அட்டவணையிலிருந்தே எடுக்க வேண்டும். இல்லையென்றால் பின்னாளில் சேர்ந்த அந்த நான்காவது எண்ட்பாயிண்ட் இந்தச் சோதனையிலும் விடுபட்டுப்போகும்.