மெடிக்கேர் அட்வான்டேஜா, பழைய மெடிக்கேரா? திரும்பி வர வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

போன வருடம் மார்ச்சில் எனக்கு 65 முடிந்தது, அமெரிக்காவில் மெடிக்கேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீடு கிடைக்கிற வயது. அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே தபால்பெட்டியில் இன்சூரன்ஸ் விளம்பரங்கள் குவிய ஆரம்பித்துவிட்டன. டிவியைப் போட்டால் பழைய அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஜோ நேமத் வந்து போன் பண்ணச் சொல்கிறார். கோயிலில் பார்த்த ஏஜென்ட் தம்பி ஒருவர், "அங்கிள், அட்வான்டேஜ் எடுங்க, ஜீரோ பிரீமியம், பல்லு, கண்ணு, ஜிம் எல்லாம் ஃப்ரீ, எதுக்கு யோசிக்கிறீங்க?" என்றார். யோசித்தேன். யோசித்து அவர் சொன்னதற்கு நேர்மாறானதை எடுத்தேன். ஏன் என்று பலர் கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். 1965-ல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட அரசாங்க மெடிக்கேர் ஒரு வழி. அதில் மருத்துவர் கட்டணத்தில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அதனால் அந்த ஓட்டையை அடைக்க மெடிகேப் என்று ஒரு தனியார் பாலிசியும், மருந்துக்கு ஒரு பார்ட் டி பிளானும் தனித்தனியாக வாங்க வேண்டும். இன்னொரு வழி அட்வான்டேஜ். அரசாங்கம் நமக்காகத் தனியார் கம்பெனிக்கு மாதாமாதம் பணம் கொடுத்துவிடும், மீதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். மெடிக்கேரில் மருத்துவர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யின் பிரீமியம் (2026-ல் 202.90 டாலர்) இரண்டிலும் கட்டத்தான் வேண்டும். அட்வான்டேஜில் அதற்குமேல் பெரும்பாலும் ஒன்றும் கட்ட வேண்டாம், நெட்வொர்க்குக்குள் (கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள்) நம் கைச்செலவு வருடத்துக்கு 9,250 டாலரைத் தாண்டாது. பதிலுக்கு அவர்கள் நெட்வொர்க்கில் இருக்கிற டாக்டரிடம் போக வேண்டும், பெரிய சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். இன்று மெடிக்கேர்காரர்களில் பாதிக்கும் மேல் அந்தப் பக்கம்தான்.

நான் எடுத்தது பழைய மெடிக்கேரும், மெடிகேப் வகைகளில் ஒன்றான ஜி பிளானும். ஜி பிளான் மாதம் 170 டாலரை ஒட்டி ஆரம்பித்தது, ஒரே வருடத்தில் 190-ஐத் தாண்டிவிட்டது. பார்ட் பி, மருந்து பிளான் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் நானூறுக்கு மேல் போகிறது. பல்லுக்கும் கண்ணுக்கும் ஒன்றுமில்லை. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை, ஆரோக்கியமான ஒருவருக்கு முதல் சில வருடங்கள் அட்வான்டேஜ்தான் மலிவு.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழைய மெடிக்கேர் அமெரிக்காவுக்கு வெளியே ஏறக்குறைய எதற்குமே பணம் தராது. ஜி பிளான், பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசர சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் தரும், வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 50,000 டாலர் வரை. மார்கழிக்குப் போய்ப் பங்குனியில் திரும்புகிற எனக்கு இது பாதிக்கிணறுதான். சில அட்வான்டேஜ் பிளான்களிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சை உண்டு, பிளானுக்குப் பிளான் வேறு.

இனி என் முடிவைத் தீர்மானித்த விஷயம். அட்வான்டேஜுக்குள் எந்த வருடம் வேண்டுமானாலும் போகலாம், வெளியே வருவதுதான் பாடு. வருடா வருடம் அக்டோபர் 15-லிருந்து டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம் என்று விளம்பரம் சொல்வது உண்மைதான், பழைய மெடிக்கேருக்குத் திரும்பலாம். ஆனால் அந்த 20 சதவீதத்தை அடைக்கிற மெடிகேப் அப்போது கிடைக்க வேண்டுமே! 65 முடிந்து பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம், அந்த ஒரு ஜன்னலில்தான் எந்த மெடிகேப் கம்பெனியும் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்காமல் நமக்குப் பாலிசி தந்தாக வேண்டும். அதன்பின் பெரும்பாலான மாநிலங்களில் அவர்கள் சர்க்கரை, இதயம், புற்றுநோய் என்று வரிசையாகக் கேட்டு மறுக்கலாம், விலையை ஏற்றலாம். 65-ல் முதல்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு முதல் 12 மாதத்துக்குள் மனம் மாறினால் சலுகை உண்டு, நம் பிளானே மூடப்பட்டால் உண்டு, இன்னும் சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி கதவு சாத்தியதுதான். எனக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. அந்த ஆறு மாதத்தை விட்டிருந்தால் என்னை யார் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்?

இங்கேதான் எனக்கு அரசியல் மேல் கோபம் வருகிறது. 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்துக்காக நடந்த சண்டை ஞாபகம் இருக்கும். கீழவையில் 219-க்கு 212, ஒரு குடியரசுக் கட்சிக்காரர்கூட ஆதரிக்கவில்லை. அந்தச் சட்டத்தில் எல்லோரும் கொண்டாடிய அம்சம், ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி இன்சூரன்ஸை மறுக்கக் கூடாது என்பது. 40 வயதுக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு, ஆனால் 70 வயதில் மெடிகேப் கேட்கிறவருக்கு அது கிடையாது, மெடிகேப்பை அந்த விதிக்கு வெளியே விட்டுவிட்டார்கள். கம்பெனிகள் சொல்லும் காரணத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன், நோய் வந்தபின்தான் சேருவேன் என்றால் மற்றவர்களின் பிரீமியம் ஏறும். ஹட்சன் ஆற்றைத் தாண்டினால் நியூயார்க்கில் வருடம் முழுக்கக் கேள்வியில்லாமல் மெடிகேப் கிடைக்கும், விலையும் அங்கே எங்கள் நியூஜெர்சியைவிட அதிகம். கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் மாநிலங்களிலும் இப்படிப் பாதுகாப்பு இருக்கிறது. அந்த நாலு மாநிலங்களில் இருப்பவர்கள் நான் சொல்வதைப் பாதி மறந்துவிடலாம்.

குடியரசுக் கட்சிக்காரர்கள் அட்வான்டேஜைப் போட்டி, தேர்வுச் சுதந்திரம் என்கிறார்கள். ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள் அதைத் தனியாருக்குத் தாரைவார்ப்பது என்கிறார்கள். மேடையில் சரிதான், ஓட்டுப் போடுகிற இடத்தில் கோடு அவ்வளவு நேராக இல்லை. 2003 நவம்பரில், மெடிக்கேரில் மருந்துக் காப்பீட்டைச் சேர்த்த புஷ் காலத்து மசோதா கீழவையில் விடிகாலை மூன்று மணிக்கு ஓட்டெடுப்புக்கு வந்தது, தோற்கிற மாதிரி இருந்ததால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓட்டெடுப்பை மூடாமல் வைத்து 220-க்கு 215 என்று ஜெயிக்க வைத்தார்கள். மெடிக்கேர் மருந்து விலையைப் பேரம் பேசக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். மசோதாவை நகர்த்திய கமிட்டித் தலைவர்களில் ஒருவரான பில்லி டௌசின் 2005-ல் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவராகப் போய் உட்கார்ந்தார். (ஒருகாலத்தில் அவர் ஜனநாயகக் கட்சிக்காரர்!) 2009-ல் ஒபாமாவின் வெள்ளை மாளிகை மருந்துக் கம்பெனிகளோடு உடன்பாடு பேசியபோது எதிரில் இருந்ததும் அதே டௌசின்தான். அதே வருடம் டிசம்பரில், 55 வயதிலேயே மெடிக்கேரில் பணம் கட்டிச் சேரலாம் என்ற யோசனையைக் கவிழ்த்தவர் ஜோ லீபர்மன், சுயேச்சையாக நின்று ஜெயித்து ஜனநாயகக் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்தவர், இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறைந்த கனெக்டிகட்டின் செனட்டர்.

பேரத் தடை உடைய 2022 வரை ஆனது, செனட்டில் 50-50 ஆகித் துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஓட்டில்தான் நிறைவேறியது. அதன் பலன் எனக்கே கிடைக்கிறது. சர்க்கரைக்கு நான் சாப்பிடும் ஜனுவியா மாத்திரையின் பட்டியல் விலை மாதம் 527 டாலர், இந்த ஜனவரியிலிருந்து மெடிக்கேருக்கு 113. இது இரண்டு வழிக்கும் பொது என்பதால் ஒப்பீட்டில் சேராது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அட்வான்டேஜின் பணக்கணக்கு இப்படி. ஆள் எவ்வளவு நோயாளியோ, கம்பெனிக்கு அவ்வளவு அதிகப் பணம், அதனால் காகிதத்தில் நோய்களைச் சேர்ப்பதில் அக்கறை. நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் மெட்பேக் அமைப்பு, இதே ஆட்கள் பழைய மெடிக்கேரில் இருந்தால் ஆகும் செலவைவிட 2025-ல் அட்வான்டேஜுக்கு 20 சதவீதம், அதாவது 8,400 கோடி டாலர், கூடுதலாகப் போகிறது என்று கணக்கிட்டது. கம்பெனிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. குடியரசுக் கட்சியின் பில் கேசிடியும் ஜனநாயகக் கட்சியின் ஜெஃப் மெர்க்லியும் சேர்ந்தே இதைத் தடுக்க மசோதா போட்டிருக்கிறார்கள், இன்னும் சட்டமாகவில்லை. ஏஜென்ட் தம்பியின் உற்சாகத்துக்கும் விளக்கம் உண்டு. ஒருவரை அட்வான்டேஜில் புதிதாகச் சேர்த்தால் கமிஷன் 2025-ல் 626 டாலர் வரை, நியூஜெர்சியில் அதைவிடக் கூடுதல். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் பிழைப்பு அது.

முன் அனுமதியைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, நண்பர் வீட்டில் பார்த்ததுதான். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து மறுவாழ்வு மையத்தில் இருந்தார், பதினாலாம் நாள் இனிப் பணம் தர மாட்டோம் என்று கம்பெனியிலிருந்து கடிதம். அவரால் சுவரைப் பிடிக்காமல் நாலு அடி வைக்க முடியவில்லை. நண்பர் மேல்முறையீடு செய்தார், இன்னும் மூன்று வாரம் கிடைத்தது. அட்வான்டேஜ் கம்பெனிகளுக்கு 2023-ல் கிட்டத்தட்ட 5 கோடி முன் அனுமதி விண்ணப்பங்கள் வந்தன, 32 லட்சம் முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான் மேல்முறையீட்டுக்குப் போயின, போனவற்றில் பத்தில் எட்டு ஜெயித்தன. மறுப்பு விகிதம் சின்னதுதான், ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? இந்த அனுமதியை வேகப்படுத்தும் மசோதா 2022-ல் கீழவையில் இரு கட்சி ஆதரவோடு குரல் ஓட்டிலேயே நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. பத்து வருடத்தில் 1,600 கோடி டாலர் செலவாகும் என்று பட்ஜெட் அலுவலகம் சொன்னதுதான் இடித்தது. அனுமதி ஒழுங்காகக் கிடைத்தால் செலவு கூடும் என்றால், இப்போது அந்தப் பணம் எப்படி மிச்சமாகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என் பக்கமும் பால்போல வெளுப்பு இல்லை. மெடிகேப் விற்பதும் அதே தனியார் கம்பெனிகள்தான், பல கம்பெனிகள் இரண்டையும் விற்கின்றன. முன் அனுமதித் தொல்லை இல்லை என்று பழைய மெடிக்கேரைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். இந்த ஜனவரியிலிருந்து நியூஜெர்சி உட்பட ஆறு மாநிலங்களில் சில சிகிச்சைகளுக்கு மட்டும் அங்கேயும் முன் அனுமதியைச் சோதனையாகக் கொண்டுவந்துவிட்டார்கள், செயற்கை நுண்ணறிவை வைத்துத் தனியார் கம்பெனிகள் பார்க்கின்றன, மிச்சமாகும் பணத்தில் அவர்களுக்குப் பங்கும் உண்டு. பட்டியல் இப்போதைக்குச் சின்னது, முழங்கால் ஆர்த்ரோஸ்கோபி (சின்னத் துளை வழியாகச் செய்யும் மூட்டு அறுவை சிகிச்சை) போன்றவை. நீண்டால் என் கணக்கு மாறும். அதோடு என் அனுபவமே ஒரு வருடம்தான், 80 வயதில் பிரீமியம் எங்கே நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நானூறு டாலர் மாதாமாதம் கட்ட முடியாதவருக்கு என் அலசல் உதவாது, அவருக்கு அட்வான்டேஜ்தான் நடைமுறை.

என் மனைவிக்கு அடுத்த வருடம் 65. அவருக்கு உடம்பில் பல்லைத் தவிர ஒரு தொந்தரவும் கிடையாது, அதனால் அட்வான்டேஜ்தான் என்று நிற்கிறார். ஆறு மாத ஜன்னலைப் பற்றி நான் தினம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். என் பாலிசி விலை ஏறுகிறது என்று கடிதம் வந்த வாரம் மட்டும் சொல்லவில்லை.