குறைந்த பணத்தில் பைனாகுலர்: கண்ணாடி போட்டவர் கவனிக்க வேண்டியவை

நான் பள்ளிக்கூட வயதிலிருந்தே கண்ணாடி போடுகிறேன். பறவை பார்ப்பதும் கண்ணாடியோடுதான். அதனால் எந்த பைனாகுலரைக் கையில் எடுத்தாலும் பவரைப் பார்ப்பதற்கு முன்னால், பெட்டியில் ஐ ரிலீஃப் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைத் தேடுவேன். பார்க்கும் பக்க லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழுக் காட்சியும் கிடைக்கும் என்பதைச் சொல்லும் மில்லிமீட்டர் கணக்கு அது. கண்ணாடி போட்டவர்களுக்கு 15, 16க்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஓரமெல்லாம் வெட்டுப்பட்டு நடுவில் ஒரு சின்ன வட்டம்தான் மிஞ்சும்.

குறைந்த விலையில் இந்தக் கணக்குக்குச் சரியாக வந்தது செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42. இதில் 8 என்பது பவர், அதாவது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். ஐ ரிலீஃப் 17.5 மில்லிமீட்டர். கண் பக்கம் இருக்கும் ஐகப் என்ற வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிட்டு, மூக்குக் கண்ணாடி மேலேயே வைத்துப் பார்த்தால் காட்சி ஓரம் வரை தெரிகிறது. எடை 630 கிராம் அளவுதான். காலை முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் தோள் வலிப்பதில்லை. உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடியிருப்பதால் மழைத்தூறலுக்கும் பனிக்கும் பயப்பட வேண்டாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கிட்டத்து ஃபோகஸ். இரண்டு மீட்டர் தூரத்தில் இருப்பதைக்கூடத் தெளிவாகக் காட்டும். பறவை எதுவும் வராத மதிய நேரத்தில் பக்கத்துச் செடியில் உட்கார்ந்த தும்பியைப் பார்ப்பேன். இறக்கையின் நரம்புப் பின்னலும், நுனிக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்தக் கருத்த கட்டமும் கண்ணெதிரே வந்து நிற்கும்.

சரி, ஏன் எட்டு பவர்? பத்தோ பன்னிரண்டோ வாங்கலாமே என்று புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பவர் கூடினால் பறவை மட்டும் பெரிதாவதில்லை, கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகும். பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். கிளை விட்டுக் கிளை தாவும் சிட்டைச் சுருங்கிய வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். இன்னொன்று வெளிச்சம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 வரும், கண்ணுக்குள் வந்து விழும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். 10×42இல் அது 4.2, சட்டைப்பைக்குள் போகிற 10×25இல் வெறும் 2.5. நல்ல வெயிலில் வித்தியாசம் தெரியாது, நம் கண்பாவையே அப்போது சுருங்கித்தான் இருக்கும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் தெரியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதும் அந்த நேரங்களில்தான்.

கண்ணாடி போடாதவர் என்றால் நான் நேச்சர் டிஎக்ஸைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு போரோ பிரிசம்தான் என் சிபாரிசு. பிரிசம் என்பது தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்த உள்ளே வைத்திருக்கும் கண்ணாடிக் கட்டி. இக்னாசியோ போரோ என்ற இத்தாலியர் 1854இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. முன் லென்ஸ்கள் விலகி, தோள்பட்டை அகலமாக இருக்கும் பழைய தோற்றம். அதில் ஒளி படும் ஒவ்வொரு முகத்திலும் முழு அக எதிரொளிப்பு நடப்பதால், அதாவது ஒளி வெளியே கசியாமல் முழுக்க உள்ளேயே திரும்புவதால், தனியாகப் பூச்சு பூச வேண்டிய அவசியம் இல்லை. நேர்க்குழாய் போலத் தெரியும் ரூஃப் பிரிசத்தில் கதை வேறு. பெரும்பாலானவற்றில் ஒரு முகத்துக்கு, ஒளியைத் திருப்பி அனுப்ப, முகம் பார்க்கும் கண்ணாடியில் இருப்பது போன்ற பூச்சு வேண்டும். அப்புறம், பிரிந்து சேரும் ஒளி அலைகள் ஒன்றுக்கொன்று பிசகுவதைச் சரிசெய்ய ஃபேஸ் கோட்டிங் என்ற இன்னொரு பூச்சும் வேண்டும். ட்ஸைஸ் நிறுவனம் 1988இல்தான் அதைக் கொண்டுவந்தது. இவையெல்லாம் செலவு. அதனால்தான் ஒரே விலையில் போரோவின் காட்சி பெரும்பாலும் தெளிவாக இருக்கிறது. நிக்கான் அகுலான் ஏ211 8×42 நல்ல உதாரணம்: எட்டு டிகிரி பார்வைப் பரப்பு, அதாவது 1000 மீட்டர் தள்ளி 140 மீட்டர் அகலம். நேச்சர் டிஎக்ஸில் இது 129தான். ஆனால் அகுலானின் ஐ ரிலீஃப் 12 மில்லிமீட்டர், எடை 755 கிராம், கிட்டத்து ஃபோகஸ் ஐந்து மீட்டர், தண்ணீர் புகாத அமைப்பும் கிடையாது. கண்ணாடி போட்ட எனக்கு முதல் எண்ணிலேயே அது கைநழுவிவிட்டது. நேச்சர் டிஎக்ஸ் ரூஃப் பிரிசம் வகை, அதன் பிரிசத்தில் ஃபேஸ் கோட்டிங் இருக்கிறது. இந்த விலையில் ரூஃப் பிரிசம் வாங்குகிறவர் விட்டுக்கொடுக்கவே கூடாத அம்சம் அது.

இந்த விலைக்கு எல்லாம் கிடைக்காது என்பதும் உண்மை. ஓரங்கள் கொஞ்சம் மங்கும். வெளுத்த வானத்தின் பின்னணியில் கரிய பறவையைப் பார்த்தால் உருவத்தைச் சுற்றி ஊதாக் கோடு ஒன்று தெரியும். இந்த வகை பைனாகுலர் எதை எடுத்தாலும் இதே நிலைமைதான். இந்த நிறப்பிசிறு கண்ணை உறுத்தினால், அதைக் குறைக்கும் ஈடி என்ற தனிவகைக் கண்ணாடி லென்ஸ் வைத்தது இதே வரிசையில் இருக்கிறது, விலை கூடும்.

எதை வாங்கினாலும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முன் லென்ஸில் விளக்கின் பிம்பம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் லென்ஸில் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கிறது. வெள்ளையாகத் தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சு இல்லை. பைனாகுலரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெளிச்சத்தை நோக்கினால், பார்க்கும் பக்க லென்ஸில் வெள்ளை வட்டம் ஒன்று மிதக்கும். அது உருண்டையாக இருக்க வேண்டும். ஓரம் சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் பிரிசம் மலிவான கண்ணாடி. பிறகு தூரத்துக் கம்பம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். கண்ணை இழுத்துப் பிடிப்பதுபோல இருந்தாலோ இரண்டாகத் தெரிந்தாலோ இரு குழாய்களும் ஒரே நேராக இல்லை என்று அர்த்தம், அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். சிவப்பு லென்ஸ், ஜூம் பைனாகுலர், பெட்டி மேல் கொட்டை எழுத்தில் நூறு பவர் என்று போட்டது, இந்த மூன்றையும் தொடவே வேண்டாம்.

ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் வைத்து ஒரு கண்ணால் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி பற்றியும் கேட்கிறார்கள். ஏரியின் நடுவில் நிற்கும் உள்ளான் என்ற சிறு நீர்க்கரைப் பறவைகளைப் பிரித்தறிய ஸ்கோப் இல்லாமல் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 65 மில்லிமீட்டர் ஸ்கோப்பை 60 பவருக்குத் திருகினால் ஒளிக்கற்றை ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துக்குச் சுருங்கி, காட்சி இருண்டு குழம்பும். வெயில் ஏறிய பிறகு கானல் வேறு அலைபாயும். 25, 30 பவர்தான் நடைமுறையில் உதவும். அதைவிட முக்கியம் ட்ரைபாட். ஆடுகிற ட்ரைபாடில் எவ்வளவு நல்ல ஸ்கோப்பும் வீண், அதனால் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் தேறும்வரை காத்திருப்பது நல்லது. வாங்கும்போது பார்க்கும் குழல் சாய்ந்திருக்கும் வகையை எடுங்கள். ட்ரைபாடை உயர்த்தத் தேவையில்லை; உயரமானவரும் குட்டையானவரும் குழந்தைகளும் அதே உயரத்தில் மாறி மாறிக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.