வாரம் ஒரு ஆல்பம்: ஆறு வருடமாக ஐந்து பேர்

2019 ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இதை ஆரம்பித்தோம். நாங்கள் ஐந்து பேர். என்னோடு கல்லூரியில் படித்த இருவர், அதில் ஒருவனுடைய அக்கா, அந்த அக்காவோடு வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன், அப்புறம் நான். இருப்பது திருச்சி, கோவை, சென்னை, துபாய் என்று நாலு ஊர்களில். ஏற்பாடு இதுதான்: வெள்ளி இரவு ஒருவர் ஒரு ஆல்பத்தைச் சொல்வார். மற்றவர்கள் அதை முதலிலிருந்து கடைசிவரை, வரிசை மாற்றாமல், குறைந்தது மூன்று தடவை கேட்க வேண்டும். அடுத்த வியாழன் இரவு ஒன்பதரைக்குப் போனில் கூடுவோம். அதுவரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ‘சூப்பர்’ என்று ஒரு வார்த்தைகூடக் கூடாது.

என் நோட்டில் இன்றைக்கு 273 ஆல்பங்கள் பதிவாகியிருக்கின்றன. இப்படி ஒரு பழக்கத்தைத் தாங்களும் தொடங்கலாமா என்று சில நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எது நிலைத்தது, எதைக் கைவிட்டோம் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஆல்பம் என்றால் கல்யாண போட்டோதான். பாட்டு என்றால் கேசட். ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். அதைவிட அதிகமாக இருந்தவை ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியவை. ஒரு தாளில் பாட்டுகளை எழுதி, 60 நிமிடமோ 90 நிமிடமோ ஓடும் வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். 90 என்றால் பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு பெரும்பாலும் பாதியில் அறுந்துபோகும். வரிசை போடுவது நாம்தான். அதனால், ஒருவர் பத்து உருப்படிகளை யோசித்து அடுக்கியிருக்கிறார், அந்த அடுக்குக்கும் ஒரு பொருள் உண்டு என்பது எனக்கு வெகு காலம் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது நாலாவது வாரம் அக்கா கொடுத்த ஆல்பம். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’, 1986இல் வந்தது. தியாகராஜருக்கும், பாக் (Bach) என்ற ஜெர்மானிய இசையமைப்பாளருக்கும் அவர் செய்த காணிக்கை. அதில் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒன்று வரும். பாக்கின் ஈ மேஜர் பார்ட்டீட்டா என்ற வயலின் தொகுப்பின் முதல் பகுதியை வயலின் வாசித்துக்கொண்டு போக, அதைச் சுற்றி ராஜா தன் இசையை எழுதியிருப்பார். அதற்கு அடுத்ததன் பெயர் ‘அண்ட் வீ ஹேட் எ டாக்’, அதாவது ‘பேசினோம்’. வீட்டுக்கு வந்தவரைப் பார்த்தாயிற்று, இனி உட்கார்ந்து பேச வேண்டியதுதானே! இந்த இரண்டையும் நான் பதினைந்து வருடமாகத் தனித்தனியாகத்தான் கேட்டு வந்திருக்கிறேன். செயலியில் கலைத்துப்போடும் பொத்தான் எப்போதும் அழுத்தியே கிடந்தது. வரிசையாகக் கேட்டபோது ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் அந்த இரண்டு மூன்று நொடி மௌனம்கூட எனக்கு இசையாகப் பட்டது. அன்றைக்கு அந்தப் பொத்தானை அணைத்தேன், இன்றுவரை தொடவில்லை.

ஒரு வாரம் வாய் மூடியிருக்கும் விதியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அதற்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ வந்த வாரம் நல்ல உதாரணம்.

கொடுத்தவன் சென்னை நண்பன். 1959 ஆகஸ்டில் வெளியான ஜாஸ் ஆல்பம். மொத்தம் ஐந்தே உருப்படிகள். நான் முதல் தடவை கேட்டுவிட்டு நோட்டில் எழுதியது: ‘நகரவே மாட்டேன் என்கிறது.’ அன்றே பேச விட்டிருந்தால் இதையே சொல்லியிருப்பேன், மற்றவர்களும் தலையாட்டியிருப்பார்கள். விதி இருந்ததால் பேசவில்லை. வியாழக்கிழமை முதலில் பேசியவர் வங்கி அண்ணன். சிறு வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவர். ‘ஸோ வாட்’ என்ற முதல் உருப்படியைப் பற்றி அவர் சொன்னார்: “இது கரகரப்பிரியா சுரங்கள்தான். நாலு எண்ணிக்கை ஓர் அளவு என்றால், பதினாறு அளவு அதிலேயே நிற்கிறார்கள். அப்புறம் அதே சுரங்களை அரை சுரம் மேலே தூக்கி எட்டு அளவு. திரும்பக் கீழே வந்து எட்டு. அவ்வளவுதான் வீடு. அதற்குள் எப்படி நடக்கிறார்கள் என்று கேளுங்கள்.” சொல்லிவிட்டு ஆதார சுருதியை வைத்துப் பாடியும் காட்டினார். மேற்கில் டோரியன் என்று சொல்லும் சுரவரிசை நம்முடைய 22ஆவது மேளகர்த்தா ராகமான கரகரப்பிரியா என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நகரவில்லை என்று நான் நினைத்த இடத்தில் அதில் சாக்ஸபோன் வாசித்த கால்ட்ரேன் எத்தனை தூரம் நடந்திருக்கிறார் என்பது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

கதை அதோடு முடியவில்லை. அண்ணனிடம் அவருடைய மாமா விட்டுப்போன பழைய எல்.பி. தட்டு ஒன்று இருந்தது. அந்த வாரம் தட்டையும் போட்டுக் கேட்டிருக்கிறார், போனிலும் கேட்டிருக்கிறார். தட்டின் முதல் பக்கம் சுருதிப் பெட்டியோடு ஒட்டவில்லை, கொஞ்சம் ஏறி நின்றது. இரண்டாம் பக்கம் சரியாக இருந்தது. தட்டு சுழலும் வேகத்தில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும்தானே ஏற வேண்டும் என்று யோசித்துத் தேடியிருக்கிறார். காரணம் நியூயார்க்கில், கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டூடியோவில் இருக்கிறது. பதிவு நடந்தது இரண்டே நாள், 1959 மார்ச் 2 மற்றும் ஏப்ரல் 22. முதல் நாள் பயன்படுத்திய டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவைச் சரியான வேகத்தில் போட்டால் இசை வேகமாகவும் சுருதி ஏறியும்தானே வரும்? அன்று பதிவான மூன்றும்தான் தட்டின் முதல் பக்கம். அதே நாளில் பக்கத்தில் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு நாடா இருந்தது. அதை எடுத்து 1992 மறுவெளியீட்டில் திருத்தினார்கள். முப்பத்து மூன்று வருடம் உலகம் அந்த முதல் பக்கத்தைச் சற்று உயர்ந்த சுருதியில்தான் கேட்டிருக்கிறது.

எந்தப் பட்டியலைப் படித்திருந்தாலும் எனக்கு இது இப்படிக் கிடைத்திருக்காது. ஒருவர் தன் வீட்டுத் தட்டையும் தன் காதையும் நம்பி ஒரு வாரம் உட்கார்ந்ததால் கிடைத்தது. இன்னொன்றும் அந்த வாரம் கவனித்தோம். இப்போது செயலிகளில் உள்ள பல பதிப்புகளில் கடைசி உருப்படியான ‘ஃப்ளமெங்கோ ஸ்கெட்சஸ்’ முடிந்ததும், அதையே வேறு விதமாக வாசித்த பதிவு ஒன்று பின்னால் சேர்ந்து வரும். ஆல்பம் எங்கே முடிகிறது என்பதில் எங்களுக்குள்ளேயே குழப்பம். அதிலிருந்து ஆல்பம் கொடுப்பவர் எந்தப் பதிப்பு, எத்தனை உருப்படி என்று சேர்த்துச் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. தொடங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுங்கள்.

பரிந்துரைக்கும் விதமும் மாறிப்போனது. ஆரம்பத்தில் எல்லோரும் புகழ்ந்து அனுப்புவோம். ‘அற்புதம், கேட்டே ஆக வேண்டும்’ என்று வந்தால் கேட்பவனுக்கு ஒரு பாரம். பிடிக்காவிட்டால் ஆளையே மறுப்பது போல் ஆகிவிடுகிறது. இப்போது எப்போது, எங்கே கேட்டால் நல்லது என்று மட்டும் ஒரு வரி எழுதுகிறோம். 1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’யைக் கொடுத்தபோது அக்கா எழுதியது: ‘காலை ஐந்தரைக்கு, காபிக்கு முன்.’ ஷிவ்குமார் சர்மாவின் சந்தூர் என்ற தந்தி வாத்தியம், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் கப்ராவின் கிதார் மூன்றும் சேர்ந்து காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளை விடியலிலிருந்து சொல்லிக்கொண்டு போகும். நான் மாடியில் உட்கார்ந்து கேட்டேன். தெருவில் பால்காரர் சைக்கிள் போகும் சத்தம் சந்தூருக்கு நடுவே வந்தது. வேறு எந்த நேரத்தில் கேட்டிருந்தாலும் அந்த ஆல்பம் எனக்கு இத்தனை நெருக்கமாகியிருக்காது.

கைவிட்டவற்றில் முதலாவது மதிப்பெண். முதல் இரண்டு வருடம் பத்துக்கு எத்தனை என்று போட்டோம். எல்லாமே ஏழு, ஏழரை. பேச்சும் எண்ணைச் சுற்றியே நின்றது. 2021இல் நிறுத்தினோம், யாரும் தேடவில்லை.

அதற்குப் பதிலாக வந்தது டிசம்பர் மாதச் சுற்று. அந்த வருடம் ஒவ்வொருவருக்கும் மிகவும் பிடிக்காமல் போன ஆல்பத்தை டிசம்பரில் திரும்பக் கேட்க வேண்டும். ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் ‘பிங்க் மூன்’ 1972இல் வந்தது. 28 நிமிடம்தான், அநேகமாகக் குரலும் கிதாரும் மட்டும். துபாய் நண்பன் கொடுத்தபோது ‘எல்லாப் பாட்டும் ஒன்றுபோல இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். டிசம்பரில்தான் தெரிந்தது, மூன்று தடவையும் சமைத்துக்கொண்டே போன் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறேன். கிதாரின் அடித் தந்திகள் குக்கர் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? ஹெட்போனில் கேட்டபோது ஒவ்வொரு பாட்டிலும் கட்டைவிரல் தனியாக ஒரு நடை போட்டுக்கொண்டிருந்தது. நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘நீ கேட்டதே போதும்’ என்றான். நோட்டைப் பார்த்தால், டிசம்பரில் மூன்றில் ஒன்றாவது என் எண்ணத்தை மாற்றியிருக்கிறது.

சினிமாப் பாட்டுகளை ஆல்பமாக எடுத்துக்கொள்ளலாமா என்று 2022இல் பெரிய சண்டையே வந்தது. காட்சிக்காகச் செய்த ஐந்தாறு பாட்டுகளுக்கு வரிசை என்று எதுவும் கிடையாது என்பது கோவை நண்பன் கட்சி. நான் எதிர்க்கட்சி. நமக்கு இசையைக் கொடுத்ததே அதுதான், அதை வெளியே நிறுத்திவிட்டு என்ன பேசுவது? அவன் நாலு மாதம் வியாழன்களுக்கு வரவில்லை. அந்த நாலு மாதம் பேச்சு சப்பென்று இருந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒரு வாரம் சினிமா என்று ஒத்துக்கொண்டோம். அவனே ‘ரோஜா’வைக் கொடுத்துத் திரும்பி வந்தான்.

செலவு பெரிதாக இல்லை. 2020இல் வாங்கிய 1,800 ரூபாய் வயர் ஹெட்போன் இன்னும் ஓடுகிறது. காதுப் பஞ்சு மட்டும் இரண்டு தடவை மாற்றினேன். பணம் கட்டாத செயலிகளில் சிலது வரிசையாகக் கேட்கவே விடுவதில்லை, நடுவில் விளம்பரமும் போடும். இந்தப் பழக்கத்துக்கு அவை சரிப்படாது. நேரம்தான் உண்மையான செலவு. வாரத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் மாதத்துக்கு ஒரு ஆல்பம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூன்று தடவை என்பதைக் குறைக்காதீர்கள். ஐந்து பேருக்கு மேல் சேர்க்கவும் வேண்டாம். ஒரு தடவை ஒன்பது பேர் ஆனோம், பாதிப் பேர் கேட்காமலே பேசினார்கள்.

வரும் வெள்ளி என் முறை. எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963இல் வந்த வெங்கடேச சுப்ரபாதம் கொடுக்கப்போகிறேன். கோயில் ஒலிபெருக்கியிலும் அடுத்த வீட்டு ரேடியோவிலும் பிறந்ததிலிருந்து காதில் விழுகிறது. எங்கள் ஐந்து பேரில் ஒருவர்கூட உட்கார்ந்து முழுசாகக் கேட்டதில்லை என்று போன வாரம் தெரிந்தது. கேட்கும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டேன்: இரவு பத்து மணி, விளக்கை அணைத்துவிட்டு.